உப்பு பார்க்க வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கணவன் எட்வின் குக்கர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்த மாதிரிதான் தெரியுது" என்றான். அந்த "மாதிரி"யில்தான் எனக்குப் பயம். கறி வெந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் தெரிந்துவிடப் போகிறது. ஆனால் அவன் போட மாட்டான். லெந்து என்கிற நோன்பு நாட்கள் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. குழம்பு ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் அது சாப்பிட்டதாகத்தான் அர்த்தம் என்று அவனாகவே ஒரு சட்டம் வேறு போட்டு வைத்திருந்தான். அவன் அம்மாகூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

அப்படிப்பட்டவன் எதற்குக் கறி எடுத்தான் என்றால், எனக்காகத்தான். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன். காய்ச்சல் போகிறபோது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி குடித்தாலும் வெந்நீர், வெந்நீர் குடித்தாலும் வெந்நீர். எலுமிச்சை ஊறுகாயைத் தனியாக எடுத்து நக்கிப் பார்த்தேன், எண்ணெய்ப் பசை மட்டும் தெரிந்தது. காலை ஆராதனை முடிந்து வருகிற வழியில் அரைக் கிலோ வெள்ளாட்டங்கறியும் கொஞ்சம் ஈரலும் வாங்கிக்கொண்டு வந்தவன், "இன்னைக்கு உன் நாக்க எழுப்பிருவோம்" என்று கைலியை மடித்துக் கட்டினான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின்களுக்கு பேரிங் மாற்றுகிற கை அது. சின்ன வெங்காயம் ஒன்றுகூடப் பெரிதும் சிறிதுமாக இல்லாமல் ஒரே அளவில் அறுபட்டுக் கிடந்தது. அளவு அவனுக்கு வரும், ருசி அவன் அம்மாவுக்குத்தான் வரும். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு தங்கபாய் அத்தை எங்கள் அடுப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

"மல்லித்தூள் போட்டியாலே?"

"போட்டேம்மா."

"உப்பு?"

எட்வின் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தான். அப்புறம் ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டுவிட்டு, "போட்டேம்மா" என்றான். கறியைக் கழுவினதுமே மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வைத்தது அவனுக்கு அந்த நேரம் மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

அத்தை போனை வைத்ததும், குக்கரிலிருந்து குழம்பைச் சட்டிக்கு மாற்றிக் கொதிக்க விட்டான். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் விட்டான். நக்கிப் பார்த்தேன். சுட்டது. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரமாகத் தனக்கு இல்லாத ஒரு குழம்புக்கு வெங்காயம் உரித்துக் கண் சிவந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "எல்லாம் சரி, உப்புதான் லேசா கம்மி" என்றேன். சப்பென்று இருந்தால் உப்பு கம்மி என்றுதானே ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவன் கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, ஒரு கலக்குக் கலக்கி, சந்தோஷமாகத் தட்டைப் போட்டு மூடினான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் எக்ஸெல் வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர் கருத்தையா. சேத்தூரில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். நான் எட்வினைக் கட்டிக்கொண்டபோது அங்கே டீக்கடை முன்னால் நின்று, என் தாய்மாமா சிவபாண்டியும் இன்னும் பத்துப் பேரும் கேட்க, "அவ வீட்டுல என் பல்லுல பச்சத்தண்ணி படாது" என்று சொன்னவர். அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள், ஆனால் மூன்றே மாதத்தில் பஸ் ஏறி வந்து, இரண்டு வேளை சாப்பிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு அரை வருஷம் பிடித்தது. முதல் தடவை இரண்டு தேங்காயைக் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு வெளியிலேயே நின்று பேசினார். அடுத்த தடவை மாடிப்படி வரை வந்தார். அப்புறம் கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டார். கோபம் எப்போதோ போய்விட்டது. சொன்ன சொல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் வந்தாலும் வண்டிக் கவரில் தன் தண்ணீர் பாட்டிலோடுதான் வருவார். காபி போடட்டுமா என்றால் இப்போதுதான் குடித்தேன் என்பார். திரும்பிப் போனதும் சிவபாண்டி மாமா விட மாட்டார். "என்ன மச்சான், மக வீட்டுல விருந்தா?" என்று டீக்கடையில் வைத்தே கேட்பார். இல்லை என்று அப்பா சொல்ல வேண்டும். அது பொய்யாகவும் இருக்கக் கூடாது. அப்பாவுக்குப் பொய் வராது.

அவர் ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் வண்டி தெருமுனை திரும்புகிற வரை நான் மாடியில் நின்று பார்ப்பேன். சிரித்துக்கொண்டுதான் கை அசைப்பேன். உள்ளே வந்து அடுப்படியைப் பார்த்தால் மட்டும் அழுகை வரும். என் கையால்கூட வேண்டாம், என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். கேட்டால் வீம்பு அதிகமாகிவிடும் என்று பயந்து இரண்டு வருஷமாக நான் கேட்கவே இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, அப்பா நாக்கு சாதாரண நாக்கு கிடையாது. எங்கள் குலசாமி கோயில் கிடாவெட்டில் பெரிய சட்டிக்கு உப்பு பார்க்கிற ஆள் அவர்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி, கண்ணை மூடி, "ரெண்டு கை" என்பார். இரண்டு கைதான் கணக்காக இருக்கும். சாமிக்குப் படைத்து முடிக்கிற வரை யாரும் ஒரு துண்டைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறபோதே அப்பா முக்கால் ஈரலை உப்பு பார்த்தே முடித்திருப்பார். அதைச் சாப்பாடு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. உப்பு பார்க்கிறது வேறு, சாப்பிடுகிறது வேறு. எங்கள் ஆட்களில் அதைச் சின்னப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும்.

அப்பா நாலு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயுமாக மேலே வந்தார். "காச்சல் எப்படி இருக்கு?" என்று என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடனே மூக்கு அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டது.

"யாரு கொழம்பு வைக்கா?"

"அவியதான்" என்றேன். தனியாக இருக்கும்போது நான் எட்வினைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்பா வந்தால் அவிய, இவிய, என்னங்க எல்லாம் வந்துவிடும். முதல் தடவை "என்னங்க" என்று கூப்பிட்டபோது, எட்வின் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

"தேங்கா அரைச்சா ஊத்தப் போறிய?" என்று அப்பா கேட்டார். அம்மியும் மிக்சியும் உள்ள திசையைப் பார்த்துக் கேட்டார். இரண்டு வருஷமாக அவர் எட்வினை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டது கிடையாது. செருமுவார், எட்வின் திரும்ப வேண்டும்.

"ஆமா மாமா. அம்மா அப்படித்தான் வைப்பாவ."

"கறிக்குத் தேங்காயா. ஏலக்காயும் போட்டுப் பாயாசமா வச்சிர வேண்டியதான."

எட்வின் சிரித்துக்கொண்டே சட்டித் தட்டைத் திறந்தான். ஆவி கூடம் வரைக்கும் வந்தது. அப்பாவால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"உப்பு பாத்தியளா?"

"நான் பாத்தேம்பா."

"ஒனக்கு நாக்கு செத்துக் கெடக்குன்னு ஒங்க ஆத்தா சொன்னா. அதக் கேட்டுத்தான நான் வாரேன்." அப்பா செருமினார். எட்வின் திரும்பினான். "நீங்க பாக்கலயா?"

"லெந்து நாளு மாமா. நான் தொடக் கூடாது."

"ஒரு சொட்டு பட்டா என்ன, சாமி கண்ணக் குத்திருமா?"

"குத்தாது மாமா. ஆனா நாப்பது நாளுன்னு சொல்லிட்டேன்."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாக்கு இருந்தும் ஒரு சொட்டுக்கு இறங்கி வராத ஒரு ஆளை அவர் அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "சொல்லியாச்சுன்னா சரிதான்" என்றார், வழக்கத்தைவிட மெதுவாக. சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர் கஷ்டம் அப்படி மாட்டிக்கொண்ட இன்னொருவருக்குத்தானே தெரியும்.

மூன்று பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற நாக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எட்வினும் கேட்கவில்லை. குழம்பு தளதளவென்று கொதித்தது. கடைசியில் அப்பாவே வலது கையை நீட்டினார், யாரையும் பார்க்காமல். எட்வின் கரண்டியைச் சாய்த்தான்.

அப்பா நக்கிவிட்டுக் கண்ணை மூடினார். நான் எத்தனை கை என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன பேரு உப்பு போட்டிய?"

விசாரணை நடந்தது. பிசறினபோது ஒன்று, அத்தை கேட்டபோது ஒன்று, என் பேச்சைக் கேட்டு ஒரு கை. எட்வின் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு, "அரைக் கிலோ கறி மாமா, கொட்டவா செய்யணும்" என்று பாவமாகக் கேட்டான்.

"கொட்டவா? உயிர விட்ட ஆடுய்யா அது." அப்பா மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "தள்ளுங்க. உருளக்கெழங்கு இருக்கா? நாலு எடுத்து ரெண்டு ரெண்டா வெட்டு. வெந்நி போடு. தேங்கா ஒண்ண ஒடைங்க மாப்ள."

எட்வின் கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் வெங்காயக் கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அந்த வார்த்தை தன் வாயிலிருந்து விழுந்ததே தெரியவில்லை. சட்டி முன்னால் நின்றுவிட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"தேங்காயா அப்பா? பாயாசமா ஆயிராது?" என்றேன்.

"வாய மூடுட்டி. உப்புக்கு வேற வழி கெடையாது."

அதற்கப்புறம் அடுப்படி அவருடையது. குழம்புத் தண்ணீரில் பாதியை வேறு பாத்திரத்தில் வடித்து வைத்தார். வெந்நீர் விட்டார். உருளைக்கிழங்கு உள்ளே போனது. இன்னொரு சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, மீதி வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டு வதக்கி, மிளகை இடித்துத் தூவினார். எட்வின் தேங்காயை அரைத்துக் கொடுத்தான். அம்மி மாதிரி மைய அரைபடவில்லை என்று ஒரு திட்டு வாங்கினான், அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா உள்ளங்கை நீளும். "இன்னும் கரிக்கு." மறுபடி கொதிக்கும். "இப்பக் கொஞ்சம் எறங்கிருக்கு." உருளைக்கிழங்கு உப்பை இழுத்ததா என்று பார்க்க அரைக் கிழங்கு போனது. ஈரல் ரப்பராகிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டு ஈரல் போனது. ஒரு துண்டை வைத்து எப்படிச் சொல்வது என்று இன்னொன்றும் போனது.

எட்வின் புத்திசாலி. முகத்தை மெஷினுக்குள் டார்ச் அடிக்கிறபோது வைத்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "மாமா, எலும்புக் கறி உள்ள வெந்திருச்சான்னு தெரியலயே. நான் பாக்கவும் முடியாது" என்றான். ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு எலும்பைப் போட்டு நீட்டினான். அப்பா மேடையில் சாய்ந்துகொண்டு அந்த எலும்பை உறிஞ்சிய சத்தம் இருக்கிறதே, காய்ச்சல் வந்து போன என் காதுக்கு அது தேனாக இருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அவருக்கு நினைப்பு வந்துவிடும், வந்தால் கிண்ணத்தை வைத்துவிடுவார். உதட்டைக் கடித்துக்கொண்டு முருங்கைக்காயை நறுக்க ஆரம்பித்தேன், யாரும் கேட்காமலே.

அந்த நேரம் அப்பா போன் அடித்தது. கை முழுக்கக் குழம்பு. எட்வின்தான் எடுத்து அவர் காதருகே பிடித்தான். அம்மா பேசினால் போனே வேண்டியதில்லை, அவ்வளவு சத்தம். எல்லாம் கேட்டது.

"இன்னும் அங்கயா இருக்கிய? என்ன செய்யுதிய?"

"உப்பு பாக்கேன்."

 அம்மா மிகவும் மெதுவாக, "நல்லாப் பாத்துட்டே வாங்க. அவசரமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்றே கால் மணிக்குக் குழம்பு தேறிவிட்டது. "இப்பச் சரி" என்று அப்பா தீயை அணைத்தார். அணைத்ததும் அவருக்குள்ளும் ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தார். கூடத்தைப் பார்த்தார். எட்வின் தரையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான், எனக்கு ஒன்று, ரசத்துக்கும் துவையலுக்கும் அவனுக்கு ஒன்று. மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"சரி, நான் கெளம்புதேன். தோப்புல தேங்கா வெட்ட ஆளு வாரான்" என்றார் அப்பா. சட்டைப் பையில் சாவியைத் தேடி எடுத்தார். "சூட்டோட சாப்டுத்தா."

நான் உட்கார்ந்தேன். எட்வின் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஈரலாகப் பார்த்து எடுத்து வைத்தான். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மெத்தென்று இருந்தது, சுட்டது, அவ்வளவுதான். மல்லி இல்லை, மிளகு இல்லை, உப்பும் இல்லை. இரண்டு ஆண்கள் காலையிலிருந்து நின்று வைத்த குழம்பு, எனக்கு அது வெறும் ஈரச் சோறு. சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்து நான் கேட்டதில் பாதி தந்திரம்தான். ஆனால் சொல்லத் தொடங்கியதும் குரல் உடைந்துவிட்டது, மீதிப் பாதி அதில் வந்தது.

"அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லா இருக்கா இல்லையான்னுகூடத் தெரியல. இவியளும் சாப்பிட மாட்டாவ. நீங்க சாப்ட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்கப்பா."

அப்பா நிலைப்படியில் நின்றார். சாவி வளையத்தை விரலில் போட்டு ஒரு தடவை சுற்றினார். எட்வின் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான், அந்த ரசத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மணிச் சத்தம் தெருக்கோடி போய்ச் சேர்ந்தது. போகட்டும், இவ்வளவு நேரம் நின்றாரே, இதுவே போதும் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

"சோத்தோட சேந்தா உப்பு வேற மாதிரித்தான் நிக்கும்" என்றார் அப்பா, யாருக்கோ விளக்கம் சொல்கிற மாதிரி. "அத நான் பாக்கல." சாவியை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு வந்து, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எட்வின் தட்டை வைத்தான். சோறு போட்டு, குழம்பை ஊற்றினான். அப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் பிசைந்து வைத்து, மென்று, விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"மொதல்ல மல்லி வருது. வறுத்த மல்லி. மூக்குல ஏறுது. மொளகு வாயில இல்ல, தொண்டகிட்டப் போனப் பொறவுதான் வருது, ஆனா வந்தா நிக்கி." நானும் ஒரு வாய் வைத்தேன். "உப்பு அடியில படுத்துக் கெடக்கு. மேல வரல. நல்லது." அடுத்த வாய். "தேங்கா இருக்கு." எட்வினைப் பார்க்காமல் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும். கெடுக்கல." ஈரல் என்றார், நான் ஈரலை எடுத்தேன். மெதுமெதுன்னு இருக்கு, கடிச்சா கொஞ்சம் இனிக்கி என்றார், நான் கடித்தேன். கிழங்கு என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் சாப்பிட்டேன். நாக்குக்கு வந்ததா, காதுக்கு வந்ததா தெரியாது, ஒரு வாரத்துக்கப்புறம் எனக்குப் பசித்தது.

அப்பா தட்டு காலியாகிவிட்டது. அவர் அதைக் கவனித்தார். நாங்களும் கவனித்தோம். விரலைத் தட்டில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். எட்வின் கரண்டியைத் தொடவில்லை, தொட்டால் என்ன ஆகுமோ என்று அவனுக்குப் பயம்.

"நடுவுல என்னமோ ஒண்ணு இருக்கு, பிடிபட மாட்டேங்கு" என்றார் அப்பா. தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "சோறு வைங்க மாப்ள. அரகொறயாப் பாத்துட்டுச் சொல்லக் கூடாது."

எட்வின் இரண்டு கை சோறு வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினான். போதும் என்று அப்பா சொல்லவில்லை. குழி நிறைந்து, சோற்றின் கரை உடைந்து, குழம்பு தட்டின் விளிம்பைப் பார்த்து ஓடியது. அப்பா சுட்டுவிரலைக் குறுக்கே வைத்து அதை நிறுத்தினார்.